கயிறு ஏன் இறங்கியது?

சாலிகிராமம், சென்னை
20 பெப்ரவரி 2025

விஜிதரன் அண்ணனுக்கு,

கேஷிகா எழுதுகிறேன். ஜனவரி ஒன்பதாம் தேதி உங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருபது அடி உயரத்திலிருந்து விழுந்த அதே கேஷிகாதான். பதினோரு தடவை போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. பன்னிரண்டாவது தடவை அந்த எண் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் சிங்களத்தில் சொன்னாள். அதனால்தான் கடிதம். கடிதத்தை யாரும் பாதியில் வெட்டிவிட முடியாது.

முதலில் என் நிலைமை. இடது தோள் எலும்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. வலது கணுக்காலுக்குள் இரண்டு திருகாணி இருக்கிறது. மே மாதம் வேலைக்குப் போகலாம் என்கிறார் டாக்டர். ஹட்டனிலிருந்து அப்பா தினமும் போனில் வருகிறார். "போதும்மா, வந்து கடையில ஒக்காரு. பருப்பு நிறுத்து யாரும் எலும்ப ஒடச்சிக்கிட்டதில்ல" என்கிறார். பலசரக்குக் கடையில் உட்காரப் பிடிக்காமல்தான் நான் சென்னைக்கு வந்து சண்டை கற்றேன் என்பது அவருக்கும் தெரியும்.

நீங்கள் அன்று கேட்டீர்கள், இது என்ன படம் என்று. பெயர் இன்னும் வைக்கவில்லை. சினிமாவில் சண்டைக் காட்சிகளுக்கு டூப் போடும் ஒரு பெண்ணின் கதை. அந்தப் பெண்ணாக நடிக்கும் கதாநாயகிக்கு உயரம் என்றால் தலைசுற்றும். ஆகவே டூப்பாக நடிப்பவருக்கு நான் டூப். சிரிக்கலாம், நானும் சிரித்தேன்.

சண்டை போட எழுதவில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். கயிறு ஏன் இறங்கியது?

கிரேன் கப்பியில் ஓடிய கயிற்றின் மறுமுனையை ஐந்து பேர் பிடித்திருந்தீர்கள். முன்னால் நின்றவர் எங்கள் குழுவின் சின்னராசா அண்ணன். சென்னையிலிருந்து வந்த மற்ற நாலு பேரும் குளிரில் காய்ச்சலாகப் படுத்துவிட்டதால், உங்கள் தோட்டத்திலிருந்து நாலு பேரை எங்கள் சண்டை மாஸ்டர் பிடித்தார். ஒத்திகையில் நாலு தடவை என்னை ஏற்றி இறக்கினீர்கள். சென்னை ஆட்கள்கூட அவ்வளவு பதமாக இறக்கியதில்லை. டேக்கில் மட்டும் திடீரென்று என் கீழே ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. விழும்போது நடுவில் ஒரு தடவை யாரோ வெடுக்கென்று பிடித்து இழுத்தது போல் இருந்தது. பிறகு மெத்தையின் ஓரம், பிறகு கல்.

சின்னராசா அண்ணன் கயிற்றை விட்டுவிட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாஸ்டர் அவரை இப்போது வேலைக்குக் கூப்பிடுவதில்லை. "நான் வுடலம்மா, சத்தியமா வுடல" என்று அவர் என் கட்டில் பக்கத்தில் நின்று சொன்னார். அப்படியென்றால் நான்தான் முந்திக்கொண்டு காலை உதைத்தேனா? எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் மறுபடி கயிறு ஏற என்னால் முடியாது. நேற்று அலமாரியைத் திறந்து இடுப்புப் பட்டியைப் பார்த்தேன். உடனே கதவைச் சாத்திவிட்டேன்.

நீங்கள் அங்கே இருந்தீர்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

கேஷிகா

*

மேல் பிரிவு, லிந்துலை
9 மார்ச் 2025

மதிப்புக்குரிய கேஷிகா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தோட்ட ஆபீஸ் மேசையில் ஒன்பது நாள் கிடந்துவிட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். "என்னடா, மெட்ராசுல இருந்து வக்கீல் நோட்டீசா?" என்று கஜேந்திரன் எல்லோர் முன்னும் கேட்டான். அன்று கயிறு பிடித்த நாலு பேரில் அவனும் ஒருவன். இனி எழுதுவதாக இருந்தால் லிந்துலை டவுனில் சண்முகவடிவு அக்காவின் கடை முகவரிக்கு எழுதவும்.

போன் எடுக்காததற்கு மன்னிக்க வேண்டும். போனில் பேசினால் வாயில் வருவதைச் சொல்லிவிடுவேன். எழுதினால் தவறாக எழுதியதை அடித்துவிடலாம். இந்தக் கடிதமே மூன்றாவது தாள்.

அன்று நடந்தது இதுதான். பனி இறங்கியிருந்தது. கயிறு நனைந்து கையில் வழுக்கிவிட்டது. உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. கடவுள் புண்ணியத்தில் உயிர் தப்பினீர்கள். நாங்கள் நாலு பேரும் கோயிலில் அர்ச்சனை செய்தோம்.

எழுத வேறு ஒன்றுமில்லை. ஆனால் கேட்க இரண்டு விஷயம் இருக்கிறது. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதும் தெரியும். கதாநாயகி உடைத்துக்கொண்டு பாய்ந்த அந்த ஜன்னல் கண்ணாடி சீனியில் செய்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உங்கள் ஆட்கள் போன பிறகு ஒரு துண்டு கிடைத்தது. தேயிலைப் பெக்டரிக்குப் பின்னால் போய் யாருக்கும் தெரியாமல் நக்கிப் பார்த்தேன். இனிக்கவில்லை. அது எதில் செய்கிறார்கள்? சூட்டிங்கில் மூட்டிய அந்த நெருப்பு சொன்ன இடத்தில் எரிந்து, சொன்ன நேரத்தில் அணைந்ததே, அது எப்படி? ராத்திரி வேலைக்குப் போனாலும் பகல் வேலைக்குப் போனாலும் இதே யோசனையாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
சி. விஜிதரன்

*

சென்னை
17 மார்ச் 2025

அண்ணே,

"தங்கச்சி, பட்டி சரியா இருக்குதா? மூச்சு விட முடியுதா?" என்று ஒவ்வொரு ஒத்திகைக்கும் முன்னால் வந்து கேட்ட ஆள், இன்று "மதிப்புக்குரிய" என்று எழுதுகிறார். அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது, நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள்.

கண்ணாடி ஒரு வகைப் பிசின். முன்காலத்தில் சீனியில் செய்தார்களாம். தயவுசெய்து நக்காதீர்கள், நம்மிடம் ஏற்கெனவே ஒரு நோயாளி போதும். நெருப்பு, தரைக்கு அடியில் போட்ட குழாயில் வரும் கேஸ். மரத்துக்குப் பின்னால் ஒருவர் குழாயைத் திறப்பார், மூடுவார். அவ்வளவுதான் மாயம்.

இனி என் முறை. அன்று பதினொரு மணி. வெயில் சுள்ளென்று அடித்தது. பனி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒளிப்பதிவாளர் வெயில் அதிகம் என்று முகத்தைச் சுளித்ததை நான் பார்த்தேன். கயிறு நனைந்திருந்தது என்றால் உங்கள் கண்ணீரில்தான் நனைந்திருக்க வேண்டும்.

எடிட்டிங்கில் வேலை செய்யும் பூரணி என் தோழி. பக்கத்துக் கேமரா ஒன்று ஐந்து வினாடிக்கு உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. அதை எனக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு முறை இல்லை, நாற்பது முறை பார்த்திருப்பேன். சின்னராசா அண்ணனின் கை மூடியே இருக்கிறது. கயிறு அவர் கைக்குள்ளேயே ஓடுகிறது, அவர் அதோடு சேர்ந்து இழுபட்டுப் போகிறார். அவருடைய உள்ளங்கையில் இன்னும் சரியாகத் தோல் வரவில்லை. விட்டவருக்கு எப்படி உள்ளங்கை கிழியும் என்று யாருமே கேட்கவில்லை!

திறந்தது உங்கள் நாலு பேர் கையும்தான். ஒருவர் பின் ஒருவராக இல்லை. ஒரே நொடியில், நாலு பேரும், எண்ணிச் செய்தது போல. இறக்கச் சைகை காட்ட வேண்டிய மாஸ்டரின் கை இன்னும் மேலேதான் இருக்கிறது. நீங்கள் யாரும் மாஸ்டரைப் பார்க்கவில்லை. அண்ணே, நீங்கள் கண்ணை மூடியிருக்கிறீர்கள்.

நாலு பேர் ஒன்றாகக் கை எடுக்க வேண்டும் என்றால் யாராவது சொல்லியிருக்க வேண்டும். யார் சொன்னது? என்னவென்று சொன்னார்கள்? இந்தப் படத்தை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. உங்களிடம் முதலில் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

கேஷிகா

*

லிந்துலை
29 மார்ச் 2025

கேஷிகாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சண்முகவடிவு அக்காவின் கடை வாசலில் நின்றே படித்தேன். என் முகத்தைப் பார்த்து, "என்னப்பா, யாரும் தவறிட்டாங்களா?" என்று அக்கா கேட்டார்.

யாரோ சொல்லித்தான் செய்தோம் என்று நினைத்துவிட்டீர்கள். தோட்டத்து ஆள் என்றால் சொந்தமாக எதுவும் செய்ய மாட்டான், சொன்னதைச் செய்வான், அப்படித்தானே? ஹட்டன் கடைவீதியில் பிறந்தவர்களுக்கு அந்த நினைப்பு சுலபமாக வரும். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் பதில் எழுத மாட்டேன் என்று இருந்தேன். பனி என்று நான் பொய் எழுதியதும் ஞாபகம் வந்தது. பொய் எழுதியவனுக்குக் கோபப்பட உரிமை கிடையாது.

அந்தப் பொய்யை எழுதியபோது உண்மை எனக்கே தெரியாது. கை ஏன் திறந்தது என்று தெரியாமல்தான் பனியின் மேல் பழி போட்டேன். மார்ச் பதினாலாம் தேதி விடியற்காலையில்தான் தெரிந்தது. அன்று எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து.

ஹட்டனில் நீங்கள் பார்த்திருக்கலாம், ஆனால் கடை மாடியிலிருந்துதான் பார்த்திருப்பீர்கள். கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றிருக்க மாட்டீர்கள். அதனால் சொல்கிறேன். மன்மதனை எரிக்கும் நேரத்தில் வீரபத்திரன் வருவார். வேஷம் கட்டியவருக்கு அருள் வந்திருக்கும். இடுப்பில் வடக்கயிறு கட்டி, பின்னால் நாலு பேர் பிடிப்போம். அவர் நெருப்பைப் பார்த்துப் பாய்வார். இழுத்தே பிடித்துக்கொண்டிருந்தால் அவர் இடுப்பு போய்விடும். எனவே தப்பு மேளம் அடி மாறும்போது ஒரு முழம் விட வேண்டும். அவர் பாய்வார். மூன்றாவது அடியில் மறுபடி இறுக்க வேண்டும். யாரும் "விடு" என்று சொல்வதில்லை, சொன்னாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது. மேளம்தான் சொல்லும். நான் பதினெட்டு வயதிலிருந்து பதினாறு வருடமாகப் பிடிக்கிறேன். கஜேந்திரனும் மற்ற இரண்டு பேரும் அப்படித்தான். எங்கள் பிடியைப் பார்த்துவிட்டுத்தான் மாஸ்டரிடம் யாரோ எங்களைக் காட்டினார்கள்.

அன்று விடியற்காலை வழக்கம்போல் பிடித்தேன். அடி மாறியது. கை திறந்தது. நான் திறக்கவில்லை, தங்கச்சி, கை தானாகத் திறந்தது. மூன்றாவது அடியில் தானாக மூடியது. மூடியிருந்த கண்ணைத் திறந்து கஜேந்திரனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

ஒத்திகையில் மேளம் இல்லை. நினைவிருக்கிறதா? டேக்குக்கு முன்னால்தான் டைரக்டர், "மேளக்காரங்க சும்மா நிக்கிறாங்களே, அடிக்கச் சொல்லுங்க, ஒரு உணர்ச்சி வரும்" என்றார். மேளத் தலைவர் கணேசமூர்த்தி மாமாவிடம் போய்க் கேட்டேன். "மாமா, அன்னைக்கி சூட்டிங்ல என்ன அடி அடிச்சீங்க?"

"வேற எத அடிக்கிறது? நெருப்பு எரியுது, ஆளு பறக்குது. வீரபத்திரன் அடிதான் அடிச்சேன். ஏன்டா?" என்றார். சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முன்னே பாய்கிறவருக்கு ஒரு முழம் விட்டால் அது ஒரு முழம்தான். அந்தரத்தில் தொங்கும் உங்களுக்கு ஒரு முழம் விட்டால் கயிறு எங்கே நிற்கும்? நடுவில் வெடுக்கென்று ஒரு இழுப்பு என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் மூன்றாவது அடி. அதற்குள் கயிறு எங்களை மீறிப் போய்விட்டது.

இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று மற்ற மூன்று பேரும் சொல்கிறார்கள். பொலிஸ் வரும், பெக்டரி வேலை போகும் என்று பயம். எனக்கும் பயம்தான். என்றாலும் நீங்கள் காலை முந்தி உதைக்கவில்லை. அதை உங்களிடம் சொல்லாமல் என்னால் சாப்பிட முடியவில்லை.

விஜிதரன்

*

சென்னை
8 ஏப்ரல் 2025

அண்ணே,

யாரோ சொல்லிச் செய்தீர்கள் என்று எழுதியதற்கு முதலில் மன்னிப்பு. அதை எழுதும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. கடை மாடியைப் பற்றி நீங்கள் எழுதியதும் உண்மை. மேளச் சத்தம் கேட்டால் அம்மா ஜன்னலை மூடுவார்கள், பிள்ளைகள் தூங்க வேண்டுமே என்று.

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். அதற்குப் பிறகு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஒரு மேளச் சத்தத்துக்கு நாலு மனிதர்களின் கை அவர்களைக் கேட்காமல் திறக்குமா? அதுவும் கயிற்றின் மறுமுனையில் ஒரு பெண் தொங்குகிறாள் என்று தெரிந்தும்? நம்ப ஆசையாக இருக்கிறது. ஆசையாக இருப்பதாலேயே நம்பப் பயமாக இருக்கிறது. நீங்கள் ஒரு தடவை பனி என்று எழுதியவர்.

சோதித்துப் பாருங்கள். ஒரு மூட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். என் எடை ஐம்பத்தொரு கிலோ. அதே நாலு பேர் பிடியுங்கள், அதே மேளம், அதே அடி. என்ன ஆகிறது என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இது சோதனை இல்லை. சின்னராசா அண்ணன் ஒருவர்தான் என்னை விடாமல் பிடித்தவர். அந்த மேளம் அவருக்குத் தெரியாது, ஆகவே அவர் கை திறக்கவில்லை. இன்று அவர்தான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். மாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பூரணி எடுத்துக் கொடுத்த படத்தை நான் காட்டலாம். ஆனால் அதைப் பார்த்தால் எனக்கு வந்த அதே சந்தேகம்தான் அவருக்கும் வரும். காரணத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் யார் மேலும் வழக்குப் போடப் போவதில்லை. இதை எழுத்தில் தருகிறேன், கஜேந்திரன் அண்ணனிடம் காட்டுங்கள்.

கேஷிகா

*

லிந்துலை
24 ஏப்ரல் 2025

தங்கச்சிக்கு,

சோதனை முடிந்தது. புது வருசத்துக்குப் பெக்டரி இரண்டு நாள் மூடியிருந்தது வசதியாகப் போயிற்று. காமன் கூத்து ஆடும் பொட்டலுக்குப் பக்கத்து யூகலிப்டஸ் மரத்தில் கப்பி கட்டினோம். உரப் பைகளில் மணல் நிரப்பி, கொழுந்து நிறுக்கும் தராசில் சரியாக ஐம்பத்தொரு கிலோ பார்த்தோம். "கேஷிகா பொண்ணு" என்று மூட்டைக்குப் பேர் வைத்துவிட்டார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் தடவை மேளம் அடித்தார். மூட்டை அசையவில்லை. பத்து தடவை அடித்தார், பத்து தடவையும் மலை மாதிரி நின்றோம். "பாத்தியா, நம்ம கையி நம்ம பேச்சத்தான் கேக்குது. அந்தப் புள்ளதான் கால ஒதச்சிருக்கும்" என்றான் கஜேந்திரன். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உங்களுக்குத் தப்பான காரணத்தை எழுதிவிட்டேனா என்று.

கணேசமூர்த்தி மாமா கெட்டிக்காரர். "சரி விடுங்கடா, மூட்டைய மேல ஏத்தி வச்சிக்கிட்டே கொஞ்சம் பேசுவோம்" என்றார். நானுஓயாவில் அவர் மருமகன் வேன் வாங்கிய கதையை ஆரம்பித்தார். வேனின் நிறம், டயர், சீட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் கேட்டுக்கொண்டே பிடித்திருந்தோம். கதையின் நடுவில், எங்களுக்குப் பின்னால் இருந்து, சொல்லாமல் கொள்ளாமல் அந்த அடியை அடித்தார்.

மூட்டை விழுந்து பை கிழிந்து மணல் சிதறியது.

கஜேந்திரன் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "அந்தப் புள்ளைய நாமதான்டா போட்டுட்டோம்" என்றான். அவன் அழுததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

தெரிந்திருந்தால் கை நிற்கிறது, மறந்திருந்தால் திறக்கிறது. இதுதான் சோதனையின் முடிவு. டேக்கின்போது நெருப்பிலும் மேளத்திலும் நாங்கள் எல்லாவற்றையும் மறந்திருக்கிறோம்.

பிறகு தினமும் வேலை விட்டதும் பழகினோம். மாமா எப்போது அடிப்பார் என்று சொல்ல மாட்டார். முதல் வாரம் ஏழு பை கிழிந்தது. இப்போது மூன்று நாளாக விழவில்லை. அந்த அடி வரும்போது கை துடிக்கும். துடிக்கிறது என்று தெரிந்தவுடன் இறுக்கிவிடுகிறோம்.

மாஸ்டருக்கு எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நாலு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். உங்கள் எழுத்தை நம்பித்தான் கஜேந்திரன் போட்டான். இனிமேல் நாங்கள் எந்த மனிதரையும் அந்தரத்தில் பிடிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். வீரபத்திரனுக்கு மட்டும்தான்.

விஜிதரன்

*

சென்னை
6 மே 2025

அண்ணே,

மாஸ்டர் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். படத்தையும் பார்த்தார். எழுந்து வெளியே போய்விட்டு வந்து, சின்னராசா அண்ணனுக்கு அவரே போன் செய்தார். "டேய், நாளைக்கு வந்துடு. நான் உன்ன பாக்கவே இல்ல, உன் கைய பாக்கவே இல்லடா" என்றார். அடுத்த நாளே அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். உங்கள் நாலு பேருக்கும் நன்றி சொல்லச் சொன்னார். திட்டவும் சொன்னார். இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

நல்ல செய்தி அத்துடன் முடிந்தது. மே இரண்டாம் தேதி நான் கயிறு ஏறப் போனேன். எங்கள் பயிற்சிக் கூடம், கீழே ஒரு அடி தடிமனில் மெத்தை, பிடித்தது சின்னராசா அண்ணன். காரணம் தெரிந்துவிட்டது, தப்பு என் மேல் இல்லை, இனிப் பயம் போய்விடும் என்று நினைத்தேன். நாலு அடி உயரத்தில் என் இரண்டு காலும் மரக்கட்டையாகிவிட்டன. "எறக்குங்க, எறக்குங்க" என்று கத்தினேன். இறங்கிய பிறகும் பத்து நிமிடம் முழங்கால் மடங்கவில்லை.

அப்போதுதான் உங்கள் கையை முழுதாக நம்பினேன். உங்கள் கை பதினாறு வருடத்தில் ஒன்றைக் கற்றுக்கொண்டது. என் கால் ஒரே நாளில் ஒன்றைக் கற்றுக்கொண்டது. இரண்டும் நம்மைக் கேட்டுச் செய்யவில்லை. உங்கள் கை மாறிவிட்டது, என் கால் மாறவில்லை. ஜூன் ஒன்பதாம் தேதி படத்தின் மிச்சக் காட்சியை இங்கே செட் போட்டு எடுக்கிறார்கள். அதே பாய்ச்சல், அதே நெருப்பு. நான் ஏறாவிட்டால் வேறு பெண் ஏறுவாள். அதற்குப் பிறகு என்னை யாரும் கயிற்றுக்குக் கூப்பிட மாட்டார்கள். நான் பருப்பு நிறுக்க வேண்டியதுதான்.

யோசித்துப் பார்த்தேன். சின்னராசா அண்ணன் என்னை ஒருநாளும் விட்டதில்லை. அவர் பிடித்தால் என் கால் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ளப் போவதில்லை. விட்ட கைகள்தான் என்னைப் பிடிக்க வேண்டும். அதே மேளத்துக்கு.

அப்பாவிடம் ஓய்வெடுக்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மே இருபத்தெட்டு முதல் ஹட்டனில் இருப்பேன். மணல் மூட்டையை இறக்கி வையுங்கள். அதற்குப் பதில் நான் வருகிறேன்.

கேஷிகா

*

லிந்துலை
15 மே 2025

தங்கச்சி,

வேண்டாம். வராதீர்கள்.

மூட்டை விழுந்தால் மணலை அள்ளி வேறு பையில் போடலாம். நீங்கள் படித்தவர், இது உங்களுக்கு விளங்க வேண்டும். உங்கள் கடிதத்தைக் காட்டியபோது கஜேந்திரன், "அந்தப் பொண்ணுக்குத் தலையிலயும் அடிபட்டிருக்குமோ" என்று கேட்டான். கணேசமூர்த்தி மாமா, நீங்கள் இருக்கும் பக்கம் மேளத்தைத் தூக்கிக்கொண்டே வர மாட்டேன் என்கிறார்.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒரு நாள் தாளை மூடி வைத்திருந்தேன். உங்கள் கால் விஷயம் நினைப்பில் இருந்து போகவில்லை. நாங்கள் விட்டதால்தானே அந்தக் கால் மரக்கட்டையானது? மாட்டேன் என்று சொல்லி நாங்கள் தப்பித்துக்கொண்டால் நீங்கள் ஹட்டனில் கடையில் உட்கார்ந்திருப்பீர்கள். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆகவே வருவதாக இருந்தால் சில விஷயங்களுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். எட்டு அடிக்கு மேல் ஒரு அங்குலம் கிடையாது. எங்கள் லயத்து வீடுகளில் இருக்கும் எல்லா மெத்தையும் கீழே போடுவோம். பஞ்சு மூட்டை, வைக்கோல், கிடைத்தது எல்லாம். கயிற்றின் கடைசி முனையை மரத்தில் கட்டி வைப்போம், எங்கள் கை விட்டாலும் நீங்கள் தரையைத் தொடாத அளவுக்கு. இதையாவது மறுக்காதீர்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறோம் என்று கஜேந்திரன் சொன்னான். நான்தான் வேண்டாம் என்றேன், உங்களுக்கு அது பிடிக்காது என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை, ஜூன் முதலாம் தேதி. மத்தியானத்துக்குப் பிறகு மழை வரும், காலையிலேயே வாருங்கள்.

விஜி அண்ணன்

*

சென்னை
7 ஜூன் 2025

விஜி அண்ணனுக்கு,

சென்னைக்கு வந்து சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் ஒன்றும் பேசாமல் வேன் ஏறிவிட்டேன். நீங்கள் நாலு பேரும் தப்புச் செய்தவர்கள் மாதிரி நின்றீர்கள். கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அதனால் அன்று மேலே என்ன நடந்தது என்று எழுதுகிறேன். கீழே நின்றவர்களுக்கு அது தெரியாது.

நாலு அடியில் கால் மரத்துப்போனது, பயிற்சிக் கூடத்தில் ஆனது போலவே. இறக்கச் சொல்ல வாயைத் திறந்தேன். கீழே உங்கள் நாலு பேரின் முகத்தைப் பார்த்தேன். என்னைவிட நீங்கள் பயந்திருந்தீர்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது, வாயை மூடிக்கொண்டேன். எட்டு அடிக்குப் போனோம். மாமா மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு, மருமகனின் வேன் கதையை மறுபடி ஆரம்பித்தார். சீட்டு உறை நீலமா பச்சையா என்று அவருக்கே குழப்பம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவர் அடித்தார்.

அண்ணே, கயிறு இறங்கியது. நீங்கள் யாரும் அதை என்னிடம் சொல்லவில்லை, இறங்கவே இல்லை என்பது போல் முகத்தை வைத்துக்கொண்டீர்கள். எனக்குத் தெரியாதா? ஒரு விரற்கடை இறங்கியது. ஜனவரி ஒன்பதாம் தேதி போலவே என் கீழே ஒன்றுமே இல்லாமல் போனது. இதோ, மறுபடி, என்று நினைத்தேன். பிறகு நின்றது. ஒரே ஆள் பிடித்தால் கயிறு சட்டென்று நிற்கும். இது அப்படி நிற்கவில்லை. ஒருவர், பிறகு இன்னொருவர், பிறகு மற்ற இரண்டு பேர் என்று நாலு தடவை என் இடுப்பில் தெரிந்தது. கீழே கஜேந்திரன் அண்ணன் பல்லைக் கடிக்கும் சத்தம்கூடக் கேட்டது. கயிறு இறங்காமலே இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. இறங்கியதைப் பிடித்தீர்கள். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தேன்.

அப்போது கால் மடங்கியது. நான் மடக்கவில்லை, தானாக மடங்கியது. "இன்னும் ஏத்துங்க" என்று கத்தியபோது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினீர்கள். எட்டு அடி பேச்சை யார் முதலில் மறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் பேசாமல் வந்தேன். வேனில் ஹட்டன் வரைக்கும் அழுதேன். டிரைவர் பாவம், பாட்டை நிறுத்திவிட்டார்.

நேற்று ஒத்திகை. இருபது அடி, மூன்று தடவை ஏறினேன். அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். "கயிறு யாரு பிடிக்கிறாங்க?" என்று கேட்டார். முதல் தடவையாக என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறார்!

திங்கட்கிழமை டேக். சின்னராசா அண்ணன்தான் முன்னால் நிற்கிறார். காமன் பொட்டல், நெருப்பு எல்லாம் செட்டில் தயார். இன்று டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா மேளத்த எடுத்துடலாம். பின்னாடி சேத்துக்கலாம்" என்றார்.

அடிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கேஷிகா